தாதியர்க்குப் பட்டம் எதற்கு?

மருந்து கொடுக்கவும் படுக்கை விரிக்கவும் சர்வகலாசாலைப் பட்டம் எதற்கென்று வினவுவோர் நம்மிடையே இன்றும் உளர். (படுக்கை விரித்தலும் எளிதன்று, அது நிற்க.) 1909-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய தாதியர் பள்ளியில் பட்டப்படிப்பு 1946-ல் ஏற்பட்டது, டில்லியிலும் அவ்வாண்டே தோன்றிற்று. நான்காண்டுப் பாடத்துள் உடலியலும் ஒன்று.

ரண சிகிச்சை முடிந்த ஒருவருக்கு நள்ளிரவில் நாடி நிமிஷத்திற்கு 80-லிருந்து 120 ஆகின்றதெனக் கொள்வோம். இரத்த அழுத்தமோ குறையவில்லை. கல்லாதார் அதுகண்டு அமைதியுறுவர். உள்ளே இரத்தம் கசியுங்கால் இழந்ததை ஈடுசெய்ய இருதயம் முன்னரே விரையும், அழுத்தம் பின்னரே வீழும் என்பதை உடலியல் பயின்ற தாதி அறிவார். உடனே காயக்கட்டைப் பார்ப்பார், கைகால் குளிர்ந்துள்ளனவா என்று தொட்டறிவார், வைத்தியரை எழுப்புவார். அவ்வேளையில் கட்டிலருகே நிற்பவர் அவரொருவரே.