ஊவாக் கழுகுகளும் ஓர் உருவகமும்

சுரண்டுவோரைக் கழுகென உருவகிப்பது முற்போக்கு எழுத்தில் வழக்கம். ஊவாத் தோட்டங்களின்மேல் வட்டமிடும் கழுகுகளை நோக்குமிடத்து, அவ்வழக்கை நாம் மீளாய்வு செய்தல் வேண்டும்.

பாம்புண்ணிக் கழுகின் முதன்மை உணவு பாம்பு முதலிய ஊர்வன. கருங்கழுகு மரமுடிகளை ஒட்டித் தாழப் பறந்து, பிற பறவைகளின் கூடுகளிலிருந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்கின்றது. நெடுமரங்களிற் கூடமைத்துப் பெரும்பாலும் ஒரே முட்டையிடுகின்றது. காடழிந்தால் அதன் இரையும் உறைவிடமும் ஒருங்கே அழியும்.

19ஆம் நூற்றாண்டிற் பதுளை மலைச்சாரல்களிற் காடழித்துக் கோப்பி பயிரிட்டு, 1869இல் மடுல்சீமையில் இலைநோய் தோன்றிக் கோப்பி வீழ்ந்தபின் தேயிலைக்கு மாறிய மூலதனமே தமிழகத்து உழைப்பாளரை லயன்களில் அடைத்தது.

கழுகின் வேட்டை இயற்கை நியதி. பசியே அதன் எல்லை. சுரண்டலோ எல்லையற்றது, வரலாற்றில் தோன்றியது, ஆதலின் மாற்றத்தக்கது. உருவகம் இவ்வேறுபாட்டை மறைத்தலாகாது.