ஒரே நடிகர் இருவராக வருவது எப்படி?

அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அண்ணன் அதட்டுகிறான். தம்பி எதிர்த்துப் பேசுகிறான். இருவருக்கும் ஒரே முகம். நடிப்பவரும் ஒரே நடிகர்தான்!

1940-ம் ஆண்டு வெளிவந்த "உத்தமபுத்திரன்" படத்தில் பி.யு.சின்னப்பா இப்படி இரட்டை வேடத்தில் நடித்தார். 1958-ம் ஆண்டு அதே பெயரில் மீண்டும் ஒரு படம் வந்தது. அதில் இரட்டை வேடம் ஏற்றவர் சிவாஜிகணேசன். அதே ஆண்டில் "நாடோடி மன்னன்" படத்தில் எம்.ஜி.ஆர். மன்னராகவும் நாடோடியாகவும் வந்தார்.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியுமா? முடியாது. ஆனால் சினிமாவில் நிற்க வைக்கலாம். அந்தத் தந்திரத்துக்குப் பெயர் "மாஸ்க்". மாஸ்க் என்றால் மறைப்பு.

கறுப்பு அட்டை

பழைய காலத்து முறை இது:

காமிராவின் லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையை வைப்பார்கள். அது காட்சியின் வலது பாதியை மறைத்துவிடும். நடிகர் இடது பக்கம் நின்று அண்ணனாக நடிப்பார். பிலிமில் அந்தப் பாதி மட்டும் பதிவாகும். மறு பாதியில் வெளிச்சம் படாது. அது புதிய பிலிமாகவே இருக்கும்.

பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றுவார்கள். அட்டையை இடது பக்கத்துக்கு மாற்றுவார்கள். நடிகர் தம்பி வேடம் போட்டுக்கொண்டு வலது பக்கம் வந்து நடிப்பார். பிலிமைக் கழுவிப் பார்த்தால் அண்ணனும் இருப்பான், தம்பியும் இருப்பான்!

சொல்வது எளிது. செய்வது கடினம். இரண்டு முறை படம் எடுத்து முடியும்வரை காமிரா ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. விளக்கு வெளிச்சம் மாறக் கூடாது. நடிகரின் கை நடுக்கோட்டைத் தாண்டினால், தாண்டிய விரல்கள் காணாமல் போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு நடிப்பும் ஒரே பிலிமில் இருக்கின்றன. தம்பி வசனத்தில் தடுமாறினால், நன்றாக நடித்த அண்ணனும் சேர்ந்தே வீணாகிவிடுவான். மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்!

உருவத்தோடு ஓடும் மறைப்பு

அட்டை ஓர் இடத்தில் நிற்கும். மனிதன் நிற்பானா? நடப்பான், ஓடுவான், கையை வீசுவான். அவனைப் பின்னணியிலிருந்து தனியாக வெட்டி எடுக்க வேண்டுமானால், மறைப்பும் அவனோடு சேர்ந்து அசைய வேண்டும்.

1933-ம் ஆண்டு ஹாலிவுட்டில் "இன்விசிபிள் மேன்" என்ற படம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதை. சட்டை நடக்கும், உள்ளே ஆள் இருக்காது! இந்தத் தந்திரத்தைச் செய்தவர் ஜான் புல்ட்டன். நடிகரின் தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட் துணியால் மூடினார். அதன்மேல் சட்டை அணிவித்தார். பின்னாலும் கறுப்பு வெல்வெட் திரை. கறுப்போடு கறுப்பு கலந்துவிட, சட்டை மட்டும் படத்தில் விழுந்தது. அந்தச் சட்டையின் வடிவத்திலேயே மறைப்பு தயாரித்து, வேறு காட்சியோடு சேர்த்தார்கள்.

பிறகு கலர் படம் வந்தது. 1940-ம் ஆண்டு வெளிவந்த "தீப் ஆப் பாக்தாத்" படத்தில் மைசூர் சீமையைச் சேர்ந்த சாபு நடித்தார். அந்தப் படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். மனிதத் தோலில் நீலம் மிகவும் குறைவு. ஆகவே நீலத்தை மட்டும் நீக்கினால் ஆள் தனியாக நிற்பான். இன்று பச்சைத் திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கம்ப்யூட்டர் வரையும் உருவம்

இன்று சிங்கமும் அரக்கனும் கம்ப்யூட்டரில் பிறக்கின்றன. அங்கேயும் மாஸ்க் உண்டு!

கம்ப்யூட்டர் படம் என்பது எண்ணற்ற புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள் உண்டு. நான்காவதாக ஓர் அளவும் சேர்த்தார்கள். அதன் பெயர் "ஆல்பா". அதுதான் மறைப்பு. உருவம் இருக்கும் இடத்தில் அது 1. இல்லாத இடத்தில் 0.

தலைமுடியின் ஓரத்தில் என்ன செய்வது? அங்கே ஒரு புள்ளியில் பாதி முடி, பாதி வானம். அதற்கு 0.5 என்று கொடுப்பார்கள். அந்த இடத்தில் வானம் பாதி தெரியும். இந்தக் கணக்கு தவறினால் உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும். கத்தரித்து ஒட்டிய காகிதப் பொம்மைபோல் இருக்கும்.

ஆல்பாவை உருவாக்கியவர்கள் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகிய இருவர். டாம் போர்ட்டர், டாம் டப் ஆகிய இருவரும் 1984-ம் ஆண்டு அதன் கணக்கு முறையை விளக்கி எழுதினார்கள். நால்வருக்கும் 1996-ம் ஆண்டு ஆஸ்கார் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

கை வேலை

கம்ப்யூட்டர், தான் வரைந்த உருவத்துக்குத் தானே மறைப்பும் தந்துவிடும். ஆனால் காமிராவில் எடுத்த மனிதனுக்கு? பின்னால் நீலத் திரையோ பச்சைத் திரையோ இல்லாவிட்டால், ஒருவர் உட்கார்ந்து அவன் உருவத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். ஒரு வினாடிக்கு 24 படங்கள். பத்து வினாடிக் காட்சி என்றால் 240 படங்கள்! இதற்குத் துணைசெய்யும் கருவிகள் பெருகிவிட்டன. ஆனாலும் பறக்கும் கூந்தலுக்கும் மெல்லிய சேலைக்கும் மனிதக் கண்ணும் கையும் தேவைப்படுகின்றன. இந்த வேலையைச் செய்வோர் சென்னையிலும் இருக்கிறார்கள். வேலை நன்றாக அமைந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. பிழை நேர்ந்தால்தான் கண்ணில் படும்!

அடுத்த முறை பழைய இரட்டை வேடப் படம் பார்க்கும்போது கவனியுங்கள். இருவருக்கும் நடுவே ஒரு தூணோ, கதவின் விளிம்போ, திரைச்சீலையோ இருக்கிறதா? இருந்தால், கறுப்பு அட்டையின் ஓரம் அங்கேதான் ஒளிந்திருக்கக் கூடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்!