நன்னடத்தை நிபந்தனை: நீதிமன்றம் எதுவரை போகலாம்?

கலிபோர்னியாவில் வீடு புகுந்து திருடிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு சிறுவனைச் சிறார் நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: கைபேசி, கணினி, கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வாரண்ட் இல்லாமலே சோதனைக்குத் தர வேண்டும். திருட்டில் கைபேசிக்குப் பங்கு இருந்ததாக எந்தத் தடயமும் இல்லை. போதைப்பொருள் பழகும் பிள்ளைகள் அதை இணையத்தில் பெருமையடிப்பார்கள் என்பதே நீதிபதி சொன்ன காரணம்.

‘ரிகார்டோ பி.’ எனப்படும் இந்த வழக்கில், 2019 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. கிடைக்கும் பயனுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு அந்தரங்கம் பறிபோகிறது என்றது.

எது செல்லாது?

1975-ல் வந்த ‘லென்ட்’ தீர்ப்புதான் அங்கே அளவுகோல். ஒரு நிபந்தனை செல்லாது என்றாக வேண்டுமானால், அதற்கும் செய்த குற்றத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அது கட்டுப்படுத்தும் செயல் தன்னளவில் குற்றமாக இருக்கக் கூடாது. இனி குற்றம் நடக்காமல் தடுக்கவும் அது நியாயமாக உதவக் கூடாது. இந்த மூன்றும் ஒருசேர நிரூபணமானால்தான் நிபந்தனை செல்லாது. ஒன்று தவறினாலும் அது நிற்கும். அதனால் வெல்வது எளிதல்ல. தண்டனை விதிக்கும் நாளிலேயே ஆட்சேபிக்காவிட்டால், பிறகு மேல்முறையீட்டில் இந்த வாதத்தை எழுப்புவதும் கடினம்.

எல்லாச் சோதனையும் தவறா?

இல்லை. 2001-ல் ‘நைட்ஸ்’ வழக்கில், சோதனைக்கு உட்படும் நிபந்தனையோடு வெளியே இருந்தவரின் வீட்டை, நியாயமான சந்தேகத்தின் பேரில் வாரண்ட் இல்லாமல் போலீஸ் சோதித்தது செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

பணம் கட்ட முடியாவிட்டால்?

ஜார்ஜியாவில் அபராதமும் இழப்பீடுமாக 750 டாலர் கட்டவேண்டியிருந்த ஒருவர், பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டாலர் கட்டினார். பிறகு வேலை போனது. மீதியைக் கட்ட முடியாததால் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1983-ல் ‘பேர்டன்’ தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தவறென்றது. ஏன் கட்டவில்லை என்று முதலில் விசாரிக்க வேண்டும். உண்மையாக முயன்றும் முடியாதவருக்கு வேறு தண்டனை போதுமா என்று பார்க்க வேண்டும்.

நன்னடத்தைக் கண்காணிப்பின் நோக்கம் மனிதரைத் திருத்தி வீட்டோடு வைப்பது. குற்றத்தோடு ஒட்டாத, நிறைவேற்றவே முடியாத நிபந்தனைகள் அவரை மறுபடி சிறைவாசலுக்கே தள்ளும். அவற்றை உடனுக்குடன் எதிர்ப்பது வழக்கறிஞரின் கடமை. காரணம் கேட்டு விதிப்பது நீதிபதியின் கடமை.