வெள்ளம் வடிந்த பிறகு வரும் ஜுரம்

"ஆறு, வாய்க்கால் பற்றி எழுத இன்ஜினீயர்கள் இருக்கிறார்களே, சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். மழை நின்று பத்து நாள் கழித்து ஜுரம், வயிற்றுப்போக்கு, சேற்றுப்புண் என்று எங்களிடம்தானே வருகிறீர்கள்!

எங்கள் உப்பிலியபுரம் பக்கம், கொல்லிமலையில் மழை கொட்டினால் புளியஞ்சோலை வழியாக அய்யாறு சீறிக்கொண்டு இறங்கும். மழை ஓய்ந்தால் வேகம் தணிந்துவிடும். திருச்சி நகரத்தின் கதை வேறு. அங்கே தாழ்வான தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். ஓடுகிற வெள்ளம் பொருளைக் கொண்டு போகும். தேங்குகிற வெள்ளம் செப்டிக் டேங்கோடு கலந்து நோயைக் கொண்டு வரும்.

ஏன் தேங்குகிறது?

தெற்கிலிருந்து வரும் மழைநீரைக் கோரையாறும் குடமுருட்டியும் காவிரியில் சேர்க்க வேண்டும். காவிரியே நிரம்பி ஓடினால் குடமுருட்டி எங்கே போய் வடியும்? தண்ணீர் பின்வாங்கி ஊருக்குள் ஏறும். 2005 நவம்பரில் வயலூர் ரோடு, கருமண்டபம் பகுதிகளில் இருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆகாயத்தாமரையும் கட்டடக் கழிவும் வாய்க்காலை அடைத்தால் கஷ்டம் இரட்டிப்பு.

இன்னொரு பாடம் முக்கொம்பு. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய மேலணை அது. காவிரியின் உபரி வெள்ளத்தை அங்கேதான் கொள்ளிடத்துக்குத் திருப்புகிறார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. பிறகு புதிய கதவணை கட்டினார்கள். அறுபது வயதுக்காரரை வருஷம் ஒரு தடவையாவது டெஸ்ட் செய்துகொள்ளச் சொல்கிறோம். 182 வயது அணைக்கு அது வேண்டாமா?

யாரிடம் கேட்பது?

"யாரிடம் சொல்வது என்றே தெரியலையே" என்பதுதான் பலருடைய குறை. ஆறு, பாசன வாய்க்கால், கரை இவை நீர்வளத்துறை பொறுப்பு (2021 வரை பொதுப்பணித்துறை). தெருவின் மழைநீர் வடிகால் மாநகராட்சி அல்லது பேரூராட்சி பொறுப்பு. நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் அடைப்பு என்றால் நெடுஞ்சாலைத்துறை. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினால் கலெக்டரிடம் போங்கள். 2005-ம் வருஷ பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குத் தலைவர் அவர்தான். தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்ட பிறகு போய்ப் பயனில்லை; ஆவணியிலேயே போங்கள். அவசரத்துக்கு 1077.

வீட்டில் செய்ய வேண்டியது

* வெள்ளம் புகுந்த கிணறு, சம்ப் தண்ணீரை இறைத்துவிட்டு, கழுவி, குளோரின் போட்ட பிறகே உபயோகியுங்கள். குடிநீர் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

* காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். வெள்ளத்தில் நடந்த ஒரு மாதத்துக்குள் ஜுரமும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், நிலவேம்புக் குடிநீரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நான் சித்த வைத்தியன்தான், இருந்தாலும் சொல்கிறேன்: இந்த ஜுரத்தில் தாமதித்தால் சிறுநீரகம் கெடும், உயிருக்கே ஆபத்து.

* குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை துவண்டு போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

* ஈரச் சுவரில் ஸ்விட்ச் போடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினை அணைத்தே வையுங்கள்.

வந்த ஜுரத்துக்கு மருந்து கொடுப்பது எங்கள் வேலை. தெருமுனை வடிகால் தூர் வாரியாச்சா என்று இந்த வாரமே ஒரு நடை போய்ப் பார்ப்பது உங்கள் வேலை.