கதவு திறக்குமா? கம்ப்யூட்டரிலேயே பார்த்து விடலாம்

கேட் சாப்ட்வேர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் உதவியோடு டிசைன் செய்வதற்கான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் கேட். இந்தக் கட்டுரையில் நாம் வரையப் போவதும் வீட்டு வாசல் கேட்தான்! இரண்டும் குழம்பாமல் இருக்க, சாப்ட்வேரை கேட் என்றும், வாசலில் இருப்பதை இரும்புக் கதவு என்றும் சொல்லிக் கொள்வோம்.

பெட்டி, உருளை, துளை என்று தனித்தனிப் பாகங்களை வரைய யாரும் ஒரு வாரத்தில் பழகி விடலாம். பாகங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் போதுதான் திணறல் ஆரம்பிக்கிறது. ஒரு பாகம் இன்னொன்றோடு எப்படி ஒட்டி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் அசையலாம், எந்தப் பக்கம் அசையக் கூடாது என்று கட்டுப்பாடு விதிப்பதற்கு அசெம்ப்ளி கன்ஸ்ட்ரெயின்ட் என்று பெயர். சில சாப்ட்வேர்களில் இதை மேட் என்பார்கள், சிலவற்றில் ஜாயின்ட் என்பார்கள். வேலை ஒன்றுதான்.

இது கார் கம்பெனி இன்ஜினியர்களுக்கு மட்டுமான விஷயமில்லை. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த எங்கள் ஆனையூரில், ரோடு போடப் போட தெரு உயர்ந்து கொண்டே போகிறது. அதனால் புது வீடு கட்டுகிறவர்கள் தளத்தை இன்னும் உயர்த்தி விடுகிறார்கள். வாசலில் இருந்து போர்டிகோ வரை வண்டி ஏற ஒரு சரிவு வருகிறது. இரும்புக் கதவோ உள்பக்கமாகத் திறக்க வேண்டும். கதவை மாட்டிய அன்று திறந்து பார்த்தால், பாதி வழியில் அடிப்பாகம் சரிவில் இடித்து நிற்கும். பிறகு கட்டரை வைத்து அறுக்க வேண்டியதுதான். பெயின்டும் போச்சு, கூலியும் போச்சு. எங்கள் தெருவில் வீடு கட்டும் ஒரு அக்கா, வெல்டிங் பட்டறையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னிடம், "தம்பி, கதவு முழுசாத் திறக்குமான்னு உங்க கம்ப்யூட்டர்ல பாக்க முடியாதா?" என்று கேட்டார். முடியும்.

இதற்கு நான் பயன்படுத்தியது பிரீகேட். இது இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அசெம்ப்ளி ஒர்க்பெஞ்ச் இதனுடனேயே சேர்ந்து வந்தது. அதற்கு முன்பு தனி ஆட்-ஆன்களை நிறுவ வேண்டியிருந்தது. ஆகவே பழைய பாட வீடியோக்களில் காட்டும் ஐகான்கள் உங்கள் திரையில் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

முதலில் பார்ட் ஒர்க்பெஞ்சில் மூன்று பாகங்களை வரையுங்கள். ஒன்று தூண். இரண்டாவது 1200 மி.மீ. அகலமும் 1500 மி.மீ. உயரமும் உள்ள கதவு. கம்பி, பூ வேலைப்பாடு எல்லாம் இப்போது வேண்டாம், வெறும் பலகை போதும். மூன்றாவது சரிவு. அந்த வீட்டில் 10 அடிக்கு 1 அடி ஏற்றம். கீல் வரும் இடத்தில் தூணுக்கு ஒன்றும் கதவுக்கு ஒன்றுமாகச் சிறு உருளைகளைச் சேர்த்து விடுங்கள். பைலை சேவ் செய்து விட்டு, அசெம்ப்ளி ஒர்க்பெஞ்சுக்குப் போய் மூன்றையும் உள்ளே கொண்டு வாருங்கள்.

இப்போது கதவு அந்தரத்தில் மிதக்கும். அதற்கு ஆறு விதமான சுதந்திரம் இருக்கிறது. முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று நகர்வு. இந்த மூன்று அச்சுகளைச் சுற்றியும் மூன்று சுழற்சி. நீங்கள் விதிக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடும் இந்த ஆறில் சிலவற்றைப் பறிக்கிறது. புதியவர்கள் எத்தனை கட்டுப்பாடு போடுவது என்று யோசிக்கிறார்கள். கடைசியில் எந்த அசைவு மிச்சமிருக்க வேண்டும் என்று யோசிப்பதுதான் சரியான வழி. தூணுக்கும் சரிவுக்கும் எதுவுமே மிச்சமிருக்கக் கூடாது. ஆகவே அவற்றைத் தேர்ந்தெடுத்து கிரவுண்டட் ஆக்கி விடுங்கள். கதவுக்கு ஒரே ஒரு சுழற்சி மட்டும் மிஞ்ச வேண்டும். அதற்கு ரெவல்யூட் ஜாயின்டைக் கிளிக் செய்து, தூணில் உள்ள உருளையின் வட்ட விளிம்பையும் கதவில் உள்ள உருளையின் வட்ட விளிம்பையும் தேர்ந்தெடுங்கள். கதவு பாய்ந்து வந்து கீலில் உட்கார்ந்து கொள்ளும். தலைகீழாக நின்றால், திசை மாற்றும் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள்.

விதியைச் சொன்னால் படத்தைத் தானே நிமிர்த்திக் கொள்ளும் இந்த வித்தை புதிதல்ல. 1963-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தன் ஆய்வுப் பட்டத்துக்காக எழுதிய ஸ்கெட்ச்பேட் புரோகிராமில் இது இருந்தது. ஒளிப்பேனாவால் கோணல்மாணலாகக் கோடு போட்டு, இரண்டும் இணையாக இருக்கட்டும் என்றால் கம்ப்யூட்டர் சரி செய்து விடும்.

இனி கதவை மவுஸால் பிடித்து இழுங்கள். அது திறக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சரிவில் இடித்து நிற்காது, சிமென்ட்டுக்குள் புகுந்து போய்க் கொண்டே இருக்கும்! கன்ஸ்ட்ரெயின்டுக்கு கீல் தெரியும், அச்சு தெரியும், இரும்பும் சிமென்டும் தெரியாது. இடிக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. பக்கவாட்டுப் பார்வைக்கு மாறி மெதுவாக இழுத்தால், கதவின் அடி எந்த இடத்தில் சரிவைத் தொடுகிறது என்று தெரிந்து விடும். கணக்கும் எளிதுதான். கதவுக்கு அடியில் 50 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார்கள். 10-க்கு 1 சரிவில் 500 மி.மீ. உள்ளே போனதுமே 50 மி.மீ. ஏறி விடும். 1200 மி.மீ. கதவின் முனை அவ்வளவு உள்ளே வருவது சுமார் 25 டிகிரியில். ஸ்கூட்டியை விடுங்கள், ஆளே ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். 90 டிகிரி திறக்க வேண்டுமானால் 120 மி.மீ.க்கு மேல் இடைவெளி தேவை. மூடியிருக்கும் போது அந்தச் சந்தில் பூனை தாராளமாக வரும், நாய்க்குட்டியும் வரும்.

வெளிப்பக்கம் திறக்கலாமே என்றால், தெரு குறுகல். அடுத்து ரெவல்யூட் ஜாயின்டை நீக்கி விட்டு ஸ்லைடர் ஜாயின்ட் கொடுத்துப் பார்த்தோம். இதுவும் ஐந்து சுதந்திரங்களைப் பறித்து ஒன்றை மிச்சம் வைக்கும். மிஞ்சுவது சுழற்சி இல்லை, நகர்வு. கதவு மதிலை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடியது. சரிவுக்கும் கதவுக்கும் சண்டையே இல்லை. மதில் நீளம் 4 அடிக்கு மேல் இருந்ததால் இது அவர்களுக்கு ஒத்து வந்தது. உங்கள் வீட்டில் மதிலை முதலில் அளந்து கொள்ளுங்கள்.

கீல் கதவையே வரைகிறவர்களுக்கு ஒரு விஷயம். நிஜக் கதவில் கீல் இரண்டு இருக்கிறதே என்று இரண்டுக்கும் ரெவல்யூட் கொடுக்காதீர்கள். ஒரு ஜாயின்டே ஐந்தைப் பறித்து விட்டது. இரண்டாவது அதே ஐந்தை மறுபடி பறிக்கப் பார்க்கும். இரண்டு உருளைகளும் துல்லியமாக ஒரே அச்சில் இருந்தால் சாப்ட்வேர் பொறுத்துக் கொள்ளலாம். அரை மி.மீ. விலகினாலும் விதிகள் முரண்படும், பிழைச் செய்தி வரும். பட்டறையிலும் இதே கதைதான். இரண்டு கீல்களின் அச்சும் ஒன்றோடொன்று விலகியிருந்தால் கதவு இறுகிப் பிடிக்கும். ஒரே நேர்கோட்டில் இருந்தும் அந்தக் கோடு செங்குத்தாக இல்லாவிட்டால், விட்டதும் தானாகவே திறந்து கொள்ளும் அல்லது மூடிக் கொள்ளும். வெல்டிங் செய்கிறவர் தூக்குக்குண்டு தொங்க விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். கன்ஸ்ட்ரெயின்ட் என்ற வார்த்தையை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

ரெவல்யூட் ஜாயின்டில் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோணத்தையும் கொடுக்கலாம். 0, 90 என்று கொடுத்து விட்டால் கதவு தூணைத் துளைத்துக் கொண்டு மறுபக்கம் போகாது. பட்டறைக்குக் கொண்டு போகும் பிரிண்டில் கலர் படத்தை விட, கீல் உயரம், அடி இடைவெளி, சரிவின் ஏற்றம் ஆகிய அளவுகளைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மி.மீ. அளவுக்குப் பக்கத்திலேயே அடி, இஞ்ச் கணக்கையும் எழுதி விடுங்கள். அங்கே டேப்பில் அதைத்தான் பார்ப்பார்கள்.