ஆயிரம் லைக்ஸ் வாங்கிய போட்டோ... பிரின்ட் வாங்கியது ஐந்தே பேர்! ஆன்லைனில் போட்டோ விற்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

“செம்மயா இருக்கு ப்ரோ, இத பிரின்ட் போட்டு வித்தா நானே வாங்குவேன்!”

போட்டோ எடுக்கும் பழக்கம் இருக்கும் எல்லோருக்கும் இந்த கமென்ட் ஒருமுறையாவது வந்திருக்கும். எனக்கும் வந்தது. காசிமேட்டில் ஒரு விடியற்காலை, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவை எடுத்த படம் அது. ஆயிரம் லைக்ஸைத் தாண்டியது. நானும் நம்பி, 12-க்கு 18 அங்குலத்தில் பிரின்ட் போட்டு இன்ஸ்டாகிராமிலேயே விற்பனைக்கு வைத்தேன். மொத்தம் ஐந்து விற்றது. அதில் ஒன்றை வாங்கியது என் மாமா, இரண்டை வாங்கியது கிளாஸ்மேட்ஸ். அந்த “நானே வாங்குவேன்” ப்ரோ இந்த ஐவரில் இல்லை.

லைக் போட ஒரு விநாடி போதும். ஒரு படத்தை வாங்கி வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது என்பது வேறு விஷயம். நம் ஊர் வீடுகளின் சுவரில் சாமி படம், கல்யாண போட்டோ, மறைந்த தாத்தா பாட்டி, அப்புறம் ஜவுளிக்கடை கொடுத்த காலண்டர். இவற்றுக்கு நடுவே முகம் தெரியாத ஒருவர் எடுத்த படத்துக்கு இடம் பிடிப்பதுதான் முதல் சவால். என்னிடம் வாங்கிய மற்ற இருவரில் ஒருவர் ராயபுரத்தில் வளர்ந்து இப்போது பெங்களூருவில் இருப்பவர். அவர் வாங்கியது போட்டோவை அல்ல, தன் ஊரை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போனில் பளிச், பேப்பரில் இருட்டு

எனக்கு வந்த முதல் அதிர்ச்சி கலர் லேபில். போனில் பொன்னிறமாக இருந்த விடியல், பேப்பரில் சாம்பல் பூசியதுபோல வந்தது. லேப் அண்ணன் மேல் கோபம் வந்தது. ஆனால், தப்பு அவர் மேல் இல்லை. போன் திரை தானாக ஒளி விடும் பொருள். பேப்பர், தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பொருள். பிரைட்னஸை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்தால், படம் நிஜத்தில் எவ்வளவு இருட்டு என்பது நமக்குத் தெரியாது. மேட் பேப்பர் என்றால் கறுப்பு இன்னும் கொஞ்சம் வெளுத்துத் தெரியும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடிட் செய்யுங்கள். பெரிய அளவில் போடும் முன், அதே பேப்பரில் 4-க்கு 6 அளவில் ஒரு சாம்பிள் பாருங்கள். சில லேப்கள் தங்கள் பிரின்டர், பேப்பருக்கான ‘ஐசிசி புரொஃபைல்’ என்ற கோப்பைத் தருவார்கள். அதை லைட்ரூம், போட்டோஷாப்பில் போட்டால், பிரின்ட் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். நான் இது எதுவும் தெரியாமல் முழு அளவிலேயே இரண்டு சாம்பிள் போட்டேன். 1,300 ரூபாய் போச்சு.

மெகாபிக்சல் கணக்கு

கையில் வைத்துப் பார்க்கும் பிரின்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான அளவுகோல். 12-க்கு 18 என்றால் 3,600-க்கு 5,400 பிக்சல், அதாவது 19 மெகாபிக்சலுக்கு மேல். 24 மெகாபிக்சல் கேமராவில் தாராளமாக வரும். சுவரில் மாட்டி நாலடி தள்ளிப் பார்க்கும் படத்துக்கு 200 பிக்சலே போதும். அப்போது 9 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். ஆக, போனில் எடுத்ததை விற்கவே முடியாது என்பதெல்லாம் இல்லை. ஆனால், ‘50 மெகாபிக்சல்’ என்று பெட்டியில் போட்டிருக்கும் பல போன்கள் சாதாரண மோடில் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இன்ஸ்டாவில் ஏற்றி, அங்கிருந்தே திரும்ப எடுத்த 1,080 பிக்சல் அகலப் படத்தை 300 கணக்கில் பிரின்ட் போட்டால் 3.6 அங்குலம்தான் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் படம் சுருங்கிவிடும். லேபுக்கு அனுப்பும்போது ‘டாகுமென்ட்’டாக அனுப்புங்கள், அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள்.

இன்னொன்று, வடிவம். கேமரா படம் பெரும்பாலும் 3:2, போன் படம் 4:3. ஒருவர் 8-க்கு 10 கேட்டால் இரண்டுமே ஓரத்தில் வெட்டுப்படும். வெட்டுப்படுவது யாருடைய காலோ, படகின் முனையோ என்பதை ஆர்டர் வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

விலை எங்கே போகிறது?

நான் வைத்த விலை 1,200 ரூபாய். நல்ல பேப்பரில் பிரின்ட்டுக்கு 650, அட்டைக் குழாய்க்கு 60, கூரியருக்குச் சராசரியாக 110. மொத்தம் 820. ஒரு பிரின்ட்டுக்குக் கையில் நிற்பது 380. ஐந்துக்கு 1,900.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஐந்தில் ஒரு குழாய் வழியில் நசுங்கிப்போனது. உள்ளே இருந்த படத்தில் குறுக்கே மடிப்பு விழுந்துவிட்டது. கூரியர்காரர்கள் “பேக்கிங் சரியில்ல” என்றார்கள். வேறு பிரின்ட் போட்டு மறுபடி அனுப்பினேன். அந்த 820, சாம்பிளுக்குப் போன 1,300, இரண்டையும் கழித்தால் 220 ரூபாய் நஷ்டம். என் நேரத்துக்குக் கூலியே போடவில்லை.

‘அப்போ பிரேம் போட்டு அதிக விலைக்கு விக்கலாமே’ என்று தோன்றும். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பார்சல் அடைக்கும் இடத்தையும் பார்க்கும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 55-க்கு 40-க்கு 10 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 4.4 கிலோ. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ என்றாலும் 4.4 கிலோவுக்குத்தான் காசு. கண்ணாடி உடைந்தால் அது தனி. வாங்குபவரையே அவர் ஊர் பிரேம் கடையில் போட்டுக்கொள்ளச் சொல்வதுதான் ஆரம்பத்தில் புத்திசாலித்தனம்.

பிரின்ட், பேக்கிங் தொல்லையே வேண்டாம் என்றால் ஃபைன் ஆர்ட் அமெரிக்கா, ரெட்பபிள் போன்ற தளங்கள் இருக்கின்றன. படத்தை ஏற்றினால் போதும், ஆர்டர் வரும்போது அவர்களே அச்சிட்டு அனுப்புவார்கள். உங்கள் பங்கு மட்டும் வரும். ஆனால், அங்கே கடல்போலக் குவிந்திருக்கும் படங்களில் உங்கள் படத்தை யார் தேடி வருவார்கள்? எட்ஸியில் ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட 0.20 டாலர், விற்றால் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. எந்தத் தளமாக இருந்தாலும் வாடிக்கையாளரைக் கூட்டிவரும் வேலை நம்முடையதுதான்.

‘லிமிடெட் எடிஷன்’ என்று போடலாமா?

போடலாம், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாக இருந்தால். ஜெர்மானியக் கலைஞர் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ படத்தின் ஒரு பிரதி, 2011-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தப் படத்துக்கு மொத்தமே ஆறு பிரதிகள்தான். நாம் குர்ஸ்கி இல்லை. ஆனாலும் ‘25 மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் 26-வதை அச்சடித்தால் அது ஏமாற்று வேலை. எண்ணிக்கை எந்த அளவுக்கு, எந்தப் பேப்பருக்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படத்தில் இருப்பவர் யார்?

என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான். 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கே பொதுவாக உரிமை. படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். (காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்த கல்யாண போட்டோ போன்றவை விதிவிலக்கு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அங்கே உரிமை காசு கொடுத்தவருக்கு.) ஆனால், அந்த முகம்? ‘ஆட்டோ சங்கர் வழக்கு’ என்று நமக்குத் தெரிந்த ராஜகோபால் வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமை பற்றிப் பேசும்போது, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு விதமாகவோ பயன்படுத்துவதையும் குறிப்பிட்டது.

நான் அந்தத் தாத்தாவிடம் கேட்கவே இல்லை. விற்ற பிறகுதான் ஒரு பிரின்ட்டை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். மூன்றாவது நாள்தான் ஆள் அகப்பட்டார். படத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “என் மூஞ்சிய வாங்கி எவன்பா வூட்ல மாட்டுறான்?” அடுத்து அவர் கேட்டது, “எவ்ளோவுக்கு வித்த?” சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டிருந்தா சட்டை மாத்தினு வந்திருப்பேன்ல?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மகள்களுக்கு என்று இன்னும் இரண்டு பிரின்ட் கேட்டார்.

முன்பே கேட்டு, ‘விற்பனைக்குப் பயன்படுத்தலாம்’ என்று தமிழில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். குழந்தைகள் படம் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். தயக்கமாக இருந்தால் அந்தப் படத்தை விற்பனைக்கு வைப்பதில்லை.

வரி உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத இடத்தில். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால், வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, ஒரே ஒரு பிரின்ட் என்றாலும் பதிவு வேண்டும் என்கிறது சட்டம். என் பெங்களூரு பார்சல் போனபோது எனக்கு இது தெரியாது. விற்பனைத் தளங்கள் வழியாக விற்பதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. 2023 அக்டோபரிலிருந்து, மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு அதில் தளர்வும் உண்டு. ஆரம்பிக்கும் முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

அடுத்த செட்டை 8-க்கு 12 அளவில், தமிழ்நாட்டுக்குள் மட்டும், முன்பணம் வந்த பிறகே பிரின்ட் என்று வைத்திருக்கிறேன். குழாய் மட்டும் இன்னும் கொஞ்சம் தடிமனானதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.