தேரி நிலத்தில் குடப் பாசனம்

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடலோரத்தில் மழை மிகவும் சொற்பம். ஜில்லாவின் சராசரி மழை வருஷத்திற்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து ஓய்ந்துவிடுகிறது. சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில் காணப்படும் தேரி எனும் செம்மணல் நிலம் பெய்த ஜலத்தை மேலே நிறுத்தி வைப்பதில்லை. ஆதலின் மழைக்காலத்தில் ஊன்றிய முருங்கை, புளி, மா, கொய்யா முதலிய கன்றுகள் பங்குனி, சித்திரை வெயிலில் வாடுகின்றன. எஞ்சியவற்றை ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று உலர்த்திவிடுகிறது. முதல் இரண்டு கோடைகளில் கன்றைக் காப்பாற்றிவிட்டால், வேர் ஆழத்தில் இறங்கியபின் மரம் பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

கிணற்றை இறைத்து அதிக ஜலம் பாய்ச்சுவது இதற்குப் பரிகாரமாகாது. கடலோர மணலில் நன்னீரானது அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன்கீழ் சுமார் 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் கண்டறிந்த கணக்கு. இதனை மாற்றிச் சொன்னால், ஊற்றுமட்டம் ஓர் அடி தாழுமாறு தொடர்ந்து இறைக்கும்போது, உப்புநீர் நாளடைவில் 40 அடி வரை மேலேறக்கூடும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு எளிதில் திருந்தாது. ஒருவர் மிகுதியாக இறைப்பதால் அயலாரின் கிணறும் கெடும். எனவே குறைந்த ஜலத்தால் கன்றை வளர்க்கும் உபாயமே இப்பிரதேசத்திற்கு ஏற்றது.

குடம் வேலை செய்யும் விதம்

மெருகு பூசாத சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, ஜலம் நிரப்பி, வாயை மூடிவைப்பதே குடப் பாசனம். பானைச் சுவரிலுள்ள நுண்ணிய துவாரங்களின் வழியாக ஜலம் கசிந்து சுற்றியுள்ள மண்ணை நனைக்கிறது. மண் உலர்ந்திருக்கும்போது அது ஜலத்தை வேகமாக இழுக்கும். நனைந்தபின் இழுப்புக் குறைந்து கசிவும் தணியும். இவ்வாறு கன்றின் தேவைக்கேற்பக் கசிவு தானாகவே கூடிக் குறைகிறது. மேல்மண் நனையாமையால் ஆவியாகி வீணாவது குறைவு. களையும் அதிகம் முளைக்காது.

இம்முறை புதியதன்று. சீன தேசத்தில் கி.மு. முதல் நூற்றாண்டில் பான் ஷெங்-சி எழுதிய விவசாய நூலில், குழியின் நடுவே ஜாடியைப் புதைத்துச் சுற்றிலும் முலாம் விதைப்பது கூறப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதனை ஆராய்ந்து, ஓரளவு உவர்ப்பான ஜலத்தையும் இவ்வழியில் பயன்படுத்தலாம் என்று காட்டினர்.

பானையைத் தேர்ந்தெடுத்தல்

10 லிட்டர் கொள்ளும் பானை போதுமானது. விளிம்பு சிதைந்ததால் குயவர் மலிவாகத் தரும் பானையும் உதவும்; கீறல் விட்டது உதவாது. வர்ணமோ எண்ணெயோ பூசியிருக்கலாகாது. பானையில் ஜலம் நிரப்பி ஒரு பகலும் ஓர் இரவும் நிழலில் வைக்க வேண்டும். வெளிப்புறம் முழுவதும் ஒரே சீராக ஈரம் பூத்தால் நல்ல பானை. சொட்டுச் சொட்டாக ஒழுகினாலும், சற்றும் ஈரம் காணாவிட்டாலும் விலக்கிவிடுக. ஈரம் காணாத பானையின் அடியில் சிறு துளையிட்டுப் பருத்தித் திரியை இறுகச் செருகி உபயோகிப்பதும் உண்டு.

புதைக்கும் முறை

இரண்டடி ஆழமும் இரண்டடி அகலமும் உள்ள குழி எடுத்து, மணலுடன் குளத்து வண்டலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புக. வெறும் தேரிமணல் பானைச் சுவரை ஒட்டி நிற்காது. ஆதலின் வண்டல் இன்றியமையாதது. பானையை நடுவில் வைத்து, கழுத்து இரண்டு விரற்கடை மேலே தெரியுமாறு மண்ணை அணைத்து அழுத்தவேண்டும். முதலில் குழி முழுவதையும் நன்றாக நனைத்து, பின்பு பானையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கன்றை ஊன்றுக. வாய்க்கு ஓட்டு மூடி இட்டால் ஆவியாதலும் கொசு உற்பத்தியும் தடைப்படும். சுற்றிலும் பனையோலை அல்லது சருகு பரப்புதல் நலம்.

ஜலத்தைத் துணியில் வடிகட்டி ஊற்றுக. வண்டலும் உப்பும் துவாரங்களை அடைக்கும். கசிவு குறைந்தால் பானையைத் தோண்டியெடுத்து, தேங்காய்நாரால் தேய்த்து, ஊறவைத்துக் கழுவிப் புதைக்கலாம். பானையைக் காலியாக விடாமல், பாதி குறைந்தவுடன் நிரப்புவது வழக்கமாயிருத்தல் வேண்டும்.

செலவும் ஜலமும்

20 அடிக்கு 20 அடி இடைவெளியில் ஓர் ஏக்கருக்குச் சுமார் 108 கன்றுகள் அமையும். கன்றுக்கு ஒன்றாக 108 பானைகளை ஒருமுறை நிரப்ப 1,080 லிட்டர் போதும். மின்சார மோட்டார் வேண்டியதில்லை. ஓராண்டில் பலன் தரும் செடிமுருங்கையை 2.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 640-க்கு மேற்பட்ட செடிகள் வரும். அதற்குப் பானைச் செலவு கட்டாது. சொட்டுநீர்க் குழாயே தகுந்தது. அதற்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு.

விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் குடத்தைப் புதைத்தல் தகாது. அம்மண் நனைந்து விரிந்தும் காய்ந்து வெடித்தும் பானையை உடைத்துவிடும்.

தொட்டிச் செடிகளுக்கு

திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வளரும் நாற்றுகளுக்கும் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கும் சிறு கலயத்தை மண்ணில் பதித்தால் இதே பலன் கிடைக்கும். மற்றொரு வழி, ஜலப் பாத்திரத்தைத் தொட்டியைவிடச் சற்று உயரத்தில் வைத்து, பழைய பருத்தி வேட்டியைத் திரித்து நனைத்து, ஒரு நுனியை ஜலத்திலும் மறுநுனியை வேரருகே மண்ணிலும் இடுவதாகும். இடையிலுள்ள திரியைக் குழாய்க்குள் செலுத்தினால் காற்றில் உலராது. பருத்தி சில மாதங்களில் மக்கும், மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் பத்துக் கன்றுகளுக்கு மட்டும் பானை வைத்து, பக்கத்தில் பத்துக் கன்றுகளுக்கு வழக்கம்போல் ஊற்றி, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை குடம் செலவாயிற்று, ஆடிக் காற்றுக்குப்பின் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று குறித்துவைப்பது உத்தமம். கிராம நிர்வாக அலுவலர்கள் புறம்போக்கிலும் பள்ளி வளாகங்களிலும் நடப்படும் கன்றுகளுக்கு இம்முறையை ஊராருக்கு எடுத்துச்சொன்னால், வருஷந்தோறும் ஒரே குழியில் மறுநடவு செய்யும் வீண்செலவு குறையும்.